பெயர் எழுதப்படாத படங்கள்: ஊவாத் தோட்டங்கள் தம்மைத் தாமே பதிவுசெய்வது பற்றி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து இறங்கியது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள், கோயில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா என்று ஒரு தோட்டக் குடியிருப்பே மண்ணுக்குள் போனது. புதையுண்டவர்கள் முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்று முதலில் செய்தி வந்தது. அடுத்த நாள்களில் அந்த எண் இருநூறுக்கு இறங்கியது, பிறகு நூறுக்கும் கீழே வந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்ந்து நாற்பதுக்கு உட்பட்டோர் என்பதே முடிவில் நிலைத்த கணக்கு. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போயிருந்ததால் பலர் தப்பினார்கள். எண் இறங்கியதற்கு அது ஒரு காரணம். எந்த லயனில், எந்தக் காம்பராவில், யார் யார் இருந்தார்கள் என்று உடனே எடுத்துப் பார்க்கத்தக்க பதிவு மீட்புக்கு வந்தவர்களிடம் இல்லாதது இன்னொரு காரணம்.

சரிவுக்குப் பிந்தைய மீரியபெத்தைக்குப் படங்கள் ஏராளம். ஹெலிகொப்டரிலிருந்து எடுத்தவை, மண் அள்ளும் இயந்திரங்களோடு எடுத்தவை, அழும் முகங்களை மிக அருகில் போய் எடுத்தவை எல்லாம் உண்டு. 'மாற்றம்' போன்ற தமிழ் இணையத்தளங்கள் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து சந்தித்து, பொறுப்போடு படக்கட்டுரைகள் வெளியிட்டன. ஆனால் அந்தக் காலைக்கு முன்பு ஊர் எப்படி இருந்தது என்று தேடுகிறவருக்குக் கிடைப்பது சொற்பம். தண்ணீர்ப் பீலி எந்தப் பக்கம் ஓடியது, கோயிலுக்கும் கடைசி லயனுக்கும் எவ்வளவு தூரம், மேலே மலையில் வெடிப்பு எங்கே தொடங்கியது என்பதையெல்லாம் சொல்லும் படங்கள் சில வீடுகளின் சுவர்களிலும் சில தொலைபேசிகளிலும் இருந்திருக்கலாம். அவை வீடுகளோடு போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்படி எச்சரிக்கப்பட்ட ஓர் ஊரின் கடைசிப் பத்தாண்டுகளுக்கு ஊராரே வைத்திருக்கும் ஒழுங்கான படப்பதிவு இருந்திருந்தால், பிறகு நடந்த விசாரணைப் பேச்சுகளும் மீள்குடியேற்றப் பேச்சுகளும் வேறு விதமாக நடந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பதுளை மாவட்டம் அடங்கிய ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களைப் படம் எடுப்பவர்களுக்குக் குறைவு எப்போதும் இருந்ததில்லை. அந்தப் படங்கள் யார் கண்ணால் பார்த்தவை, யாருக்காக எடுத்தவை, இப்போது யார் கையில் இருக்கின்றன என்று கேட்டுப் பார்த்தால்தான் குறை தெரியவரும்.

இந்தக் கதை நீண்டது. பிரித்தானியப் புகைப்படக் கலையின் பெரும் பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் அவர் இறந்து, பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த நான்கு ஆண்டுகளில் உள்ளூர்வாசிகளையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படம் எடுத்தார். அவற்றில் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்தில் அவருடைய கமராவின் முன் உட்கார்ந்தவர்கள் டெனிசன், டார்வின், ஹெர்ஷல் என்று பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள். இலங்கையில் அதே கமராவின் முன் நின்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. ஒளியும் நிழலும் அதே கைத்திறன்தான். படத்தின் கீழே யாரும் பெயர் எழுதவில்லை, அவ்வளவே வேறுபாடு.

கேமரனுக்குப் பிறகு அஞ்சலட்டைகளின் காலம் வந்தது. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தைப் போன்றவை இலங்கைக் காட்சிகளை உலகெங்கும் விற்றன. கூடையோடு நிற்கும் பெண் அவற்றில் ஒரு நிரந்தர உருவம். அவள் எந்தத் தோட்டத்தவள், எந்த லயத்துக்காரி என்பது வாங்குகிறவருக்குத் தேவைப்படவில்லை. தேயிலைப் பெட்டி, விளம்பரத் தட்டி, கப்பல் நிறுவனச் சுவரொட்டி என்று அந்தப் பெண் பயணம் செய்தாள். அவளுடைய பேரப்பிள்ளைகளிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லாமல் இருப்பது இங்கே சாதாரணம்.

இன்று அஞ்சலட்டையின் இடத்தைச் சுற்றுலாக் கமரா எடுத்துக்கொண்டிருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டு ரயில்பாதை 1924இல் பதுளையை எட்டியது. அதன் கடைசிப் பகுதியில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் இன்ஸ்டகிராமில் இலங்கையின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. ஹப்புத்தளையில் தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கும் 'லிப்டன் சீட்' பாறைக்கு ஏறும் பாதை தொழிலாளர் குடியிருப்புகளின் வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதையில் நாள்தோறும் எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பச்சை உண்டு, மூடுபனி உண்டு, நீல நிற ரயில் உண்டு. லயனின் தகரக் கூரை தெரிந்தால் சட்டகத்தை நகர்த்தி அதை வெட்டிவிடுவார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் அந்த மணத்துக்குத் தனி விலை. உதட்டை வெடிக்கவைக்கும் அந்தக் காற்று அந்தப் பருவத்தில் கொழுந்து எடுக்கும் கைகளுக்கு என்ன செய்கிறது என்பதைச் சுற்றுலாப் படம் சொல்லாது. சொல்ல வேண்டிய கடமை அதற்கு இல்லை. கடமை ஊராருடையது.

ஊராருக்கு இது ஏன் வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது என்பதற்கு 1948இலிருந்து ஒரு விடை இருக்கிறது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. பிறப்பைப் பதியாத, பதிந்தாலும் தாள் கையில் இல்லாத இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் சமூகத்தில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இன் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடப் பிரஜாவுரிமைச் சட்டம் தொடர்ச்சியான வதிவிடத்துக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 134,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. கொழுந்து நிறுத்த கணக்கும் கழித்த கடனும் தோட்டத்துச் செக்ரோல் என்ற பதிவேட்டில் துல்லியமாக இருந்தன. ஒரு மனிதன் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தான் என்பதற்கான தாள் அவன் கையில் இல்லை. பதிவு யாருடைய அலமாரியில் இருக்கிறது என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்த சமூகம் இது.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் எண்களாகப் பங்கிடப்பட்டார்கள். மீதி 150,000 பேரின் பங்கீடு 1974க்குத் தள்ளிப்போனது. விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் தேவைப்பட்டது. அப்போதுதான் பல குடும்பங்கள் முதன்முறையாகப் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களின் ஸ்டூடியோப் படியேறின. பல வீடுகளில் இன்று இருக்கும் மிகப் பழைய படம் அரசாங்கம் கேட்டதற்காக எடுத்ததுதான்: முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் விறைப்பாகத் தாயும் தகப்பனும். அந்தப் படங்களில் பாதி தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலையடிவாரத்துக்கும் போய்விட்டன. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை நகரத்துத் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது எரிந்தவற்றை யாரும் பட்டியலிடவில்லை.

எழுத்தில் அந்தப் பணியைச் செய்தவர்கள் உண்டு. 1934இல் ஹாலி-எலப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் அவர்களில் முதன்மையானவர். தான் வேலைபார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழும்போது அந்தரங்கம் என்ற ஒன்று எப்படி இல்லாமல் போகிறது என்பதை 'மீன்கள்' சிறுகதையில் அவர் எழுதியது போல வேறு எவரும் எழுதவில்லை. 'மலையகச் சிறுகதை வரலாறு' நூலில் மற்றவர்கள் எழுதியவற்றையும் தேடிச் சேர்த்தார். எழுதியதோடு நிற்காமல், சிதறிக் கிடந்ததைச் சேர்த்து, ஆண்டும் பெயரும் இட்டு வைத்தது அவருடைய பெரிய கொடை. இன்று தொலைபேசியோடு நிற்கும் இளைஞருக்கு ஊவாவிலேயே ஒரு முன்னோடி தேவையென்றால் அவரைத்தான் காட்டுவேன்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் ஒன்றரை இலட்சம் பேர். நாடு முழுவதும் சுமார் 840,000. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலி-எல, ஹப்புத்தளை, பூனாகலை என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று லயத்துக்கு லயம் கமராத் தொலைபேசி இருக்கிறது. தோட்டத்தின் பெயரில் முகநூல் பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப் குழு இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் நேரலையாகப் போகின்றன. கொழும்பில் கடை வேலைக்குப் போன பையனும், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன தாயும் கரகம் பீலியிலிருந்து ஏறிவருவதைக் கையகலத் திரையில் பார்க்கிறார்கள். இதை அற்பமாக நினைக்க என்னால் முடியாது. பிரிந்து கிடக்கும் ஓர் ஊர் தன்னை ஒன்றாகப் பார்க்கும் இடம் இன்று அதுதான்.

சமூக ஊடகம் இவர்களுக்கு அரசியல் வலுவையும் தந்திருக்கிறது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் மேடை போட்டு அழைக்கவில்லை. அழைப்பு முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போனது. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டில், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தை நடந்தவர்களும் வழியில் வரவேற்றவர்களும் படம் படமாகப் பகிர்ந்தார்கள். தோட்டங்களுக்கு நடந்துவந்த முன்னோர் செத்து விழுந்த பாதையை அவர்களுடைய வழிவந்தோரே நடந்து, தாமே படமெடுத்ததைப் போன்ற ஒன்று அந்தப் பாதையின் வரலாற்றில் அதற்கு முன் இருந்ததில்லை.

இவ்வளவு இருந்தும் ஆவணம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவாகவே சேர்கிறது. முகநூலில் ஏற்றிய படத்தைத் திரும்ப இறக்கினால், எடுத்த திகதி, இடம், கருவி ஆகிய விவரங்கள் அதில் இருப்பதில்லை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகிறது. நான்கு கை மாறிய பிறகு முகம் கரைந்துவிடுகிறது. படத்தின் கீழே 'எங்கள் ஊர்', 'மலரும் நினைவுகள்' என்று எழுதி ஒரு இதயத்தைப் போட்டால் எழுதியவரின் அன்பு தெரிகிறது. முப்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அந்த வரி எதையும் சொல்லாது. தளங்களும் நிலையானவை இல்லை. ஓர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. தன் பயனர்கள் பல ஆண்டுகளாக ஏற்றிய பாடல்களும் படங்களும் அழிந்துவிட்டதாக மைஸ்பேஸ் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. நம் திருவிழாப் படங்களை வைத்திருக்கும் கணினிகள் எந்த நாட்டிலோ இருக்கின்றன. அவற்றின் உரிமையாளருக்கு நம் தோட்டத்தின் பெயர் தெரியாது.

ஆகவே என் வாதம் இதுதான்: சமூக ஊடகம் படத்தைக் காட்டுவதற்கான இடம், வைப்பதற்கான இடம் வேறு. வைப்பதற்கு உரிய படம் அழகானதாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

எதை எடுப்பது என்ற கேள்வியில் நம் கண் இன்னும் அஞ்சலட்டைக் காலத்திலேயே நிற்கிறது. நம் பிள்ளைகளும் மூடுபனியையும் பாலத்தையும் எடுக்கிறார்கள், அதைத்தான் ஆயிரம் பேர் விரும்புகிறார்கள் என்பதால். ஆவணத்துக்கு வேண்டியவை வேறு. காலையில் வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக் களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், இஸ்தோப்பில் அடுக்கிய விறகு, பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கட்டில், அடுப்பு, சாமிப்படம் மூன்றும் இருக்கும் விதம், பீலியில் குடம் வைக்கும் வரிசை, காமன் பொட்டல், ஸ்டோர் மணி, பிள்ளைக் காம்பரா ஆயாவின் தொட்டில் வரிசை, பள்ளிக்குப் போகும் குறுக்குப் பாதை, சுடுகாட்டுக் கற்கள் இவையெல்லாம் வேண்டும். தோட்டத்து வரைபடத்தில் எண்ணாக மட்டும் இருக்கும் மலைகளுக்கு ஊர்வாயில் பெயர் இருக்கிறது. கொழுந்து எடுக்கும் வயதான அம்மாவை அழைத்துப் போய், ஒவ்வொரு மலையின் முன்பும் அவர் அந்தப் பெயரைச் சொல்வதைக் காணொளியாக எடுத்தால், எந்த நில அளவைத் திணைக்களத்திடமும் இல்லாத வரைபடம் ஒன்று கிடைக்கும். கடிதம் தோட்டத்து அலுவலகம் வழியாக வந்துசேரும், வீட்டு இலக்கமும் தெருப்பெயரும் இல்லாத ஊர்களுக்கு அந்த வரைபடத்தின் பயன் பெரிது.

லயன்கள் இடிபடும் காலமும் இது. தனிக் காணியில் தனி வீடு என்ற திட்டம் மெல்ல நகர்கிறது. லயன் போகட்டும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனிதரை அடைத்து வைத்த அந்தச் சுவர்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் இடிக்கும் முன் ஒவ்வொரு லயனையும் முன்புறம், பின்புறம், உள்ளே என்று முறையாக எடுத்து வைக்க வேண்டும். எப்படிப்பட்ட இடத்தில் எத்தனை தலைமுறை வாழவைக்கப்பட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஆண்டுக்கு இருமுறை எடுக்கும் படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மழைக்கு முன்பும் பின்பும் லயனுக்கு மேலுள்ள சரிவை இப்படி எடுத்து வைத்தால், வெடிப்பு அகல்வதும் மரம் சாய்வதும் புதிதாக நீர் ஊறுவதும் திகதியோடு தெரியும். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதிகளும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்த அந்த நாள்களில், சிக்னல் கிடைத்த ஏதோ ஒரு மேட்டில் நின்று தோட்டத்துப் பிள்ளைகள் அனுப்பிய படங்கள் வெளியுலகம் பார்த்த முதல் செய்திகளில் இருந்தன. அந்தப் படங்களில் பலவற்றுக்கு இடமும் திகதியும் இல்லை. ஒரு தோட்டத்தின் சரிவு இன்னொரு தோட்டத்தின் பெயரில் சுற்றியது. இழப்பீட்டுக்கும் மாற்றுக் காணிக்கும் படிவம் நிரப்பும் குடும்பத்துக்கு, தன் வீடு இருந்த நிலையைக் காட்டும் பழைய படம் ஒன்று, எடுத்த திகதியோடு, கையில் இருப்பதன் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறைக்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் கிராமப் பெண்கள் கையில் கமராவைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே எடுத்து, படத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசி, அதை அதிகாரிகளின் முன் வைத்தார்கள். 'ஃபோட்டோவொய்ஸ்' என்ற பெயரில் அது உலகமெங்கும் ஓர் ஆய்வுமுறையாகப் பரவியது. படத்தைவிடப் படத்தைச் சுற்றி நடந்த பேச்சுக்கே அதில் எடை அதிகம். தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த மீன் விற்கும் தாயின் மகனான புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர், மீனவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கமரா பழக்கிவருகிறார். வெளியார் எடுத்தால் பரிதாபம் வழியும் அதே வீட்டை, அந்த வீட்டுப் பிள்ளை எடுக்கும்போது அங்கே சிரிப்பும் சோம்பலும் கோபமும் தெரிகின்றன. கொழும்பில் கொம்பனித்தெருவின் பழைய வீடுகள் அடுக்குமாடிகளுக்காக இடிக்கப்பட்டபோது, அங்கே வளர்ந்த பிரி ரஹ்மானும் அவருடைய நண்பர்களும் 'வீ ஆர் ஃப்ரம் ஹியர்' என்ற பெயரில் அயலவரின் முகங்களையும் கதைகளையும் சேர்த்தார்கள். நேபாளப் படநூலகம் 2011 முதல் வீட்டு அல்பங்களை வாங்கி, நகலெடுத்து, மூலப் படங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்திருக்கிறது. ஊவாவுக்கு நேரடியாகப் பொருந்துவது இந்தக் கடைசி வழி என்பது என் கணிப்பு. ஸ்டூடியோப் படங்களும் கல்யாண அல்பங்களும் அலுமாரிகளில் ஈரம் பட்டுக் கிடக்கின்றன. மூலத்தை வாங்கிப் போனால் திரும்பி வராது என்று மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு அனுபவம் காரணமாக இருக்கிறது. முற்றத்து வெளிச்சத்தில் தொலைபேசியாலேயே நகலெடுத்து, அங்கேயே கையில் கொடுத்துவிட்டால் போதும்.

சொந்த ஊரை எடுப்பவருக்கு ஒரு சலுகையும் ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன. கதவைத் தட்டாமல் அவர் உள்ளே போகலாம். அதனாலேயே கேட்காமல் எடுக்கவும் கூடும். குளித்துவிட்டு பீலியிலிருந்து ஏறும் அக்கா, குடித்துவிட்டுக் கிடக்கும் சித்தப்பா, கடன்காரன் வந்து நிற்கும் வாசல் இவை ஊருக்குத் தெரிந்த உண்மைகள்தாம். ஊருக்குத் தெரிவதும் உலகுக்குக் காட்டுவதும் ஒன்றாகாது. சீருடையில் பள்ளியின் பெயர் தெரிய ஒரு பெண்பிள்ளையின் படத்தைப் பொதுப் பக்கத்தில் போடுவது தவறு. உதவிப் பொதி கொடுப்பவர் சிரிக்க, வாங்குபவர் தலைகுனிந்து நிற்கும் படங்கள் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நம் பக்கங்களை நிறைக்கின்றன. அவற்றை நம் ஊர்க்காரரே பகிர்வதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. அஞ்சலட்டைக்காரன் செய்ததை நாமும் செய்ய வேண்டாம். "இதைப் போடட்டுமா, அம்மா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுவது முதல் விதி. போடாமல், பெயரோடு பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பது இரண்டாவது. பலர் முதலாவதற்கு மறுத்து இரண்டாவதற்கு இசைவார்கள்.

தோட்ட நிர்வாகத்தோடு உரசல் வரும் இடங்களும் உண்டு. வேலைத்தளத்தில் எடுப்பதற்கு அனுமதி கேட்பார்கள். எடுத்தவரின் குடும்பம் வேலையிலோ வீட்டிலோ நிர்வாகத்தைச் சார்ந்திருக்கும். 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்று என்று தீர்மானிக்கப்படுவதைப் பகிர்ந்தவரைத் தண்டனை வரை கொண்டுபோகக்கூடியது. ஆகவே படவிளக்கத்தில் குற்றச்சாட்டை எழுதுவதைவிட, கண்டதை மட்டும் எழுதுவது நல்லது: என்ன, எங்கே, எப்போது. வெறும் விவரத்தோடு நிற்கும் படத்தை மறுப்பது கடினம்.

பாதுகாக்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு மலையக ஆவணங்களையும் சேர்க்கிறது. படங்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஏற்கிறது. கம்பளைக்கு அருகே பாரதெக்கையில் பழைய லயன் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 முதல் நடத்திவருகிறது. ஊவாவின் தோட்டங்களுக்கென்று பதுளையிலும் அப்படி ஒரு இடம் வேண்டும். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் நகரத்துப் பொது நூலகமும் தமிழ்ப் பள்ளிகளும் சேர்ந்தால் ஓர் அறையும், ஓர் ஊழியரும், ஒரு ஸ்கேனரும், இரண்டு வன்தட்டுகளும் பெரிய செலவு இல்லை. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. வட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பாமல் 'டொக்கியுமெண்ட்' என்று அனுப்பினால் மூலக் கோப்பு சுருங்காமல் போகும். ஒரு பிரதி தோட்டத்தில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம், மூன்றாவது 'நூலகம்' போன்ற ஒரு நிறுவனத்தில் என்று வைத்தால், ஒரு மழையிலோ ஒரு தொலைபேசித் திருட்டிலோ எல்லாம் போய்விடாது.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும் பதுளைப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். இம்முறை அம்மாயிடமும் தாத்தாவிடமும் வீட்டிலுள்ள பழைய படங்களை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயன், யார் மகள், யார் அக்கரைக்குப் போனார், யார் போகவில்லை என்று கேளுங்கள். மையால் படத்தின் மேல் எழுதாதீர்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். அவர்கள் சொல்லும் குரலையும் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். முன்புறம், பின்புறம் இரண்டையும் நகலெடுத்துவிட்டு மூலத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்த தலைமுறைக்கு இப்போது எண்பது வயது.